பூவிழி கழற்றிய சிப்பி ஜன்னல்

பழவேற்காட்டில் கண்ணாடி ஜன்னல் வைத்து வீடு கட்டியவர்கள் எல்லோருடைய போனிலும் பூவிழியின் நம்பர் இருக்கும். ஆசை ஆசையாகத்தான் கண்ணாடி வைப்பார்கள். ஒரு மாதம் ஏரி தெரியும், படகு தெரியும், பறவை தெரியும். மறு மாதம் பார்த்தால் எண்ணெய்த் தாள் ஒட்டினது போல் ஆகிவிடும். கிழக்கே கடல், மேற்கே ஏரி, இரண்டும் உப்பு. நடுவில் மாட்டிக்கொண்ட கண்ணாடி பாவம், என்னதான் செய்யும்! அப்புறம் போன் வரும்: "பூவிழி அக்கா, ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்."

அவளும் வருவாள். ஸ்கூட்டியின் முன்னால் இரண்டு வாளி, பக்கவாட்டில் கட்டிய நீளக் கம்பு, பின்னால் துணி மூட்டை. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து அவள் வண்டி கிளம்பும்போது, மீன் கூடையோடு ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் பெண்கள் சும்மா விடமாட்டார்கள்.

"இன்னாடி, கண்ணாடி டாக்டரம்மா கெளம்பிட்டாங்களா?"

"ஆமாண்டி. உன் மூஞ்சியும் மங்கிப் போயிகீது. வர்ற வழியில தொடச்சிட்டுப் போறேன், இங்கயே நில்லு."

வாய்க்குக் குறைச்சல் இல்லை. ஆனால் கைக்கு வேறு குணம். வாய் எவ்வளவு வேகமோ, கை அவ்வளவு நிதானம்.

இந்தக் கை நிதானம் பிறவியில் வந்ததில்லை. ஏரியின் முகத்துவாரம் மண் மூடி, மீன் உள்ளே வராமல், புருஷன் அங்கமுத்து படகை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்து வைத்த வருஷம் அவள் சென்னைக்குப் போனாள். கட்டடக் கண்ணாடி துடைக்கும் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் வேலை பார்த்தாள். கடற்கரைச் சாலையில் பணக்காரர் பங்களாக்கள் சிலவற்றில் ஜன்னல் கண்ணாடிக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம் ஓடும் ஒரு கட்டம் மாட்டியிருப்பார்கள். அழகுக்குத்தான், வேறொன்றும் இல்லை. அதைப் பிடித்து நிறுத்த ஓரங்களில் அரிசி அளவுக்கு முளைகள். அவற்றை விடுவித்துக் கட்டத்தைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, திரும்ப மாட்ட வேண்டும். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் அப்பளத்துக்குச் சமானம். சேர்ந்த மாதமே பூவிழி ஒன்றை மூலையைப் பிடித்து இழுத்தாள். டக்கென்று மூன்று துண்டு. அன்றைக்கு அந்த பங்களாவின் தோட்டத்துக் குழாயடியில் உட்கார்ந்து அவள் அழுத அழுகை இருக்கிறதே, மீதி வித்தை முழுவதும் அந்த அழுகையில் கற்றுக்கொண்டதுதான்.

ஒரு மூலையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இரண்டு கையும் இரண்டு பக்கம், ஒரே மூச்சில் விட வேண்டும். முளை பிடிவாதம் பிடித்தால் வெந்நீரில் நனைத்த துணியை வைத்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். கழற்றியதைச் சுவரில் சாய்த்தால் வளையும், தரையில் போர்வை விரித்துப் படுக்க வைக்க வேண்டும். பின்பக்கம் நம்பர் ஒட்ட வேண்டும், ஏனென்றால் ஒன்று போலவே இருக்கும், ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. முக்கியமாக, அவசரக்காரர்களை அறைக்கு வெளியே நிறுத்த வேண்டும். ஏழு வருஷத்தில் அதற்கப்புறம் அவள் கையில் ஒரு கட்டம் உடைந்ததில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு கண்ணாடியோடு அவளுக்கு இன்னும் நெருக்கம் வந்தது. விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தே எந்தக் காற்று எத்தனை நாளாக அடிக்கிறது என்று சொல்லிவிடுவாள். கிழக்கே இருந்து வரும் கொண்டல் காற்றின் உப்பு பிசுபிசுக்கும். வடக்கே இருந்து வரும் வாடையில் உப்போடு மண்ணும் சேர்ந்து நரநரக்கும். அங்கமுத்து கூட ஒருநாள், "கடலுக்குப் போற எனக்குத் தெரியாதது உனக்கு எப்புட்றி தெரியுது?" என்று வாயைப் பிளந்தான்.

போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை பழவேற்காட்டு டவுனில் அஃப்ஸானா வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் கப்பலில் துணி ஏற்றி அனுப்பிய குடும்பம். வீடு பெரியது, இப்போது ஆட்கள் இரண்டே பேர். அஃப்ஸானாவும், அவளுடைய அம்மா ஆமினா பீவியும். ஏரியைப் பார்த்த மாடி அறையில் உட்கார்ந்து அஃப்ஸானா கல்யாணப் பெண்களின் துப்பட்டாவுக்குக் கையாலேயே பூ வேலை செய்வாள். பொன்னேரியிலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். அவளுக்கு முன் அதே அறையில் அதே வேலையைச் செய்தவர் ஆமினா பீவி. முப்பத்து நான்கு வயதில் அவருக்குக் கண் மங்கத் தொடங்கி, இரண்டே வருஷத்தில் முழுவதும் போய்விட்டது. இப்போது ஐம்பத்தெட்டு வயது. வீடு முழுக்கச் சுவரைத் தொடாமல் நடப்பார்.

கீழ்க் கூடத்தில் நான்கு ஜன்னல், துபாயில் இருக்கும் அஃப்ஸானாவின் அண்ணன் அனுப்பிய படத்தைப் பார்த்து வைத்த வெள்ளைக் கட்டங்களோடு. பூவிழி நான்கையும் மதியத்துக்குள் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டாள். பிறகு டீ குடிக்க மாடிக்குப் போனவள் வாசலிலேயே நின்றாள்.

பட்டப்பகல். ஏரி மேல் வெயில் தகதகவென்று கிடக்கிறது. இந்த அறைக்குள் மட்டும் பொழுது சாய்ந்தது போல் இருட்டு. இருந்த ஒரே ஜன்னலில் ஆளில் பாதி உயரத்துக்கு ஒரு மரக் கட்டம். சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஏதோ பழைய மங்கல் கண்ணாடி, காபி டிகாக்‌ஷன் நிறத்தில்.

"இன்னா அஃப்ஸானா, இத வுட்டுட்டியே? இதையும் தொடச்சிடறேன்."

"அத விட்ருங்கக்கா. நாளைக்குப் பத்து மணிக்கு அலுமினியக்காரர் தீனா வர்றார். இடிச்சு எடுத்துட்டு ஸ்லைடிங் கண்ணாடி போடப் போறோம்."

"இடிக்கிறதா? இன்னாத்துக்கு?"

அஃப்ஸானா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். படியில் யாரும் வருகிறார்களா என்று காது கொடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. உம்மாவுக்கு முப்பத்தி நாலுல ஆரம்பிச்சுது. எனக்கு இப்போ முப்பத்தி மூணு. ஊசியில நூல் கோக்க முடியல. அரை மணி நேரம் ஆவுது. பச்ச எது நீலம் எதுன்னு தெரியல."

"அடிப்பாவி! ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"போனா, கண்ணு போச்சுன்னு சொல்லிடுவாங்களே."

பூவிழி குரலைத் தாழ்த்தினாள். "லைட்டு போட்டுப் பாத்தியா?"

"ஜரிக மின்னுது, ஊசிக் காது தெரியல. மொட்ட மாடிக்கும் போனேன். ஏரிமேல வெயில் அடிச்சு கண்ணுல தண்ணியா கொட்டுது. அங்கயும் கோக்க முடியல. அன்னிலேருந்து தூக்கமே இல்ல. ஜன்னல மாத்திப் பாக்கலாம்னு ஒரு ஆச. இருட்டு ஜன்னலால வந்ததா, என் கண்ணால வந்ததான்னு தெரிஞ்சிடும் இல்ல? அல்லாஹ் ஜன்னல்தான்னு சொல்லிட்டாப் போதும்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பூவிழிக்கு ஆறுதல் சொல்ல வராது. கையால் ஏதாவது செய்தால்தான் மனசு நிற்கும். எழுந்து போய், எப்போதும் போல் வினிகர் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கீழ் மூலைச் சதுரத்தில் ஒரு அடி அடித்து, துணியால் தேய்க்கப் போனாள்.

நுரைத்தது.

சோப்பு நுரை இல்லை. பொடிப்பொடியாக வெள்ளைக் குமிழி, சுர்ரென்று ஒரு சின்னச் சத்தம். பூவிழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடி வினிகருக்கு நுரைக்காது. அவசரமாகத் தண்ணீரை ஊற்றித் துடைத்தாள். எது நுரைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய நைனா ஏரியில் சிப்பி தோண்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போட்டவர். சின்ன வயதில் சிப்பி ஓட்டின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து, பொங்குவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

சதுரத்தின் மேல் கட்டைவிரலை வைத்தாள். கண்ணாடியின் சில்லிப்பு இல்லை. நகத்தால் தட்டினாள். டிக் என்று கனமில்லாத ஒரு சத்தம். கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தால், அழுக்குக்கு அடியில் வளைவு வளைவாக ரேகை ஓடியது. வருஷா வருஷம் ஓடு வளர்ந்த ரேகை.

"யம்மாடி!" என்றாள். "அஃப்ஸானா, இது கண்ணாடி இல்லடி. சிப்பி! அத்தினியும் சிப்பி!"

எண்ணிப் பார்த்தாள். குறுக்கே ஆறு, நெடுக்கே எட்டு. நாற்பத்தெட்டு சிப்பி. ஒவ்வொன்றையும் கண்ணாடி போல் மெலிசாக, சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவுக்குச் சதுரமாக நறுக்கி, மரச் சட்டத்தில் பதித்திருக்கிறார்கள். எந்தக் கடலில் எடுத்தார்களோ! இந்த ஏரியில் இந்த ஜாதி கிடையாது. அஃப்ஸானாவின் முப்பாட்டன் எவரோ ஏதோ ஒரு துறைமுகத்தில் பார்த்து மயங்கி, வைக்கோல் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்திருக்க வேண்டும். அத்தனை தூரம் அலையில் உடையாமல் வந்தது, நாளைக்குப் பத்து மணிக்கு உடையப் போகிறது. பிறந்ததிலிருந்து சிப்பியை மிதித்து நடந்தவள் பூவிழி. அதற்குள் இப்படி ஒரு ஜன்னல் ஒளிந்திருக்கும் என்று கனவில்கூட நினைத்ததில்லை.

"இந்த மூலையில ஒண்ணு கொஞ்சம் மங்கிடுச்சு. என் தப்பு. தெரியாம வினிகர் போட்டுட்டேன்," என்று முதலில் அதைச் சொன்னாள். பிறகு அஃப்ஸானாவின் எதிரில் உட்கார்ந்தாள். "நான் சொல்றதக் கேளு. நீ கண்ணாடி போட்டா இன்னா ஆவும்? மொட்ட மாடில கண்ணு கூசிச்சே, அதே கூச்சம் இந்த ரூமுக்குள்ள வரும். அப்பவும் நூல் கோக்க வராது. நீ கண்ணு போச்சுன்னு முடிவு கட்டிடுவ. நாளைக்குப் பத்து மணிக்குள்ள நான் இதக் கழட்டி வெளக்கி மாட்டறேன். அதுக்கப்புறம் ஊசிய எடுத்துப் பாரு."

"எனக்கு ஜன்னல் முக்கியம் இல்லக்கா."

"எனக்கும்தான் இல்ல. உன் கண்ணுதான். அப்பவும் முடியலன்னா நானே உன்ன இழுத்துகினு ஆஸ்பத்திரிக்குப் போறேன். சுத்தியலையும் நானே தீனா கைல குடுக்கறேன்."

பெருமையாகச் சொல்லிவிட்டாள். கழற்றலாம் என்று போனால்தான் வம்பு தெரிந்தது. இந்த மாதிரிக் கட்டத்தை ஜன்னல் நிலையின் மேல் பள்ளத்துக்குள் தூக்கி, கீழ்ப்பக்கத்தை முன்னால் இழுத்தால் வந்துவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவத்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இது அசையவே இல்லை. வெளிப்பக்கம் இரும்புக் கம்பி, அதன் வழியாகக் கையும் போகாது. டார்ச் அடித்துப் பார்த்தாள். நாலு பக்கப் பள்ளத்திலும் மஞ்சளாக, கல் போல் ஏதோ உறைந்திருந்தது. முகர்ந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ரெசின்! ஃபைபர் படகு ஒட்டுகிற ரெசின்!

ஜன்னலுக்குப் படகு ரெசினை ஊற்றுகிற புத்திசாலி வேறு எந்த ஊரில் கிடைப்பான்? குப்பத்தில் நாற்காலிக் கால் உடைந்தால் ரெசின், வாளி ஓட்டையானால் ரெசின், தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டால் ரெசின். கையில் டப்பா இருந்தால் போதும், உலகத்தில் ஒட்டாதது எதுவும் இல்லை என்கிற நினைப்பு.

"எந்தக் கம்மனாட்டி செஞ்ச வேல இது?"

"வர்தா புயல் அப்போ இந்தக் கட்டம் கடகடன்னு ஆடுச்சுக்கா. உம்மா பயந்துட்டாங்க. குப்பத்துலேருந்து யாரோ ஃபைபர் வேல செய்றவர கூட்டிட்டு வந்தோம். நல்ல மனுஷன். அதுக்கப்புறம் ஆடவே இல்ல."

ஆடாது. கழுவவும் முடியாது. அன்றிலிருந்து வெளிப்பக்கத்தில் உப்பும், மண்ணும், படகு டீசல் புகையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வந்திருக்கிறது. இருட்டு ஒரேயடியாக வந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். நாளுக்கு ஒரு நூலாக வந்ததால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அங்கமுத்துவிடம் கேட்டாள். "யோவ், காஞ்ச ரெசின எப்புட்றா கழட்டறது?"

"எங்க?"

"டவுன்ல. பீவிம்மா வூட்டு மாடி ஜன்னல்ல எவனோ அறிவு கெட்டவன்..."

அங்கமுத்துவின் கை நின்றது. வலையைப் பார்த்தபடியே, "ஏரிப் பக்கத்து ஜன்னலா? குட்டிக் குட்டிக் கட்டமா இருக்குமே?" என்றான்.

பூவிழி அவனை முறைத்தாள். புரிந்துவிட்டது. அவள் சென்னையில் இருந்த வருஷங்களில் அவன் படகு ஒட்டும் ஃபைபர் வேலைக்கும் போயிருந்தான்.

"ஆடுதுன்னு சொன்னாங்க பூவி. புயலாச்சே, நல்லாப் புடிக்கட்டும்னு ரெண்டு கோட்டு சேத்து ஊத்தினேன்."

"ரெண்டு கோட்டா! அய்யோ, நீ நல்லா இருப்ப!" அவள் திட்டிய திட்டு கடல்வரைக்கும் கேட்டிருக்கும். திட்டி முடித்து, அஃப்ஸானாவின் பயத்தைச் சொல்லாமல், அந்த அறையில் ஊசி கோக்க முடியாத அளவுக்கு இருட்டு எதனால் வந்தது என்பதை மட்டும் சொன்னாள். அங்கமுத்து வலையைக் கீழே வைத்தான். "சூடு காட்டினா கொஞ்சம் எளகும். கத்தி போட்டா மரம் போயிடும். நரம்பு போட்டு அறுக்கலாம். காலையில நானும் வர்றேன்," என்றான்.

நரம்பு என்றால் மீன் தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் இழை. மனுஷன் மக்குதான், ஆனால் சொன்னது நல்ல யோசனை.

விடிந்ததும் இரண்டு பேரும் போய்விட்டார்கள். அங்கமுத்து அதுவரை பூவிழியின் வேலையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. துடைக்கிற வேலைதானே என்கிற நினைப்பு அவனுக்கு. பூவிழி முதலில் தரையில் இரண்டு போர்வை விரித்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். துப்பட்டாக்களை வேறு அறைக்கு அனுப்பினாள். ஆமினா பீவி சத்தம் கேட்டு வந்து மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவரை மட்டும் போகச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

கல்யாணப் பெண்களுக்குத் தலை உலர்த்துகிற டிரையர் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அஃப்ஸானா அதைப் பள்ளத்துக்கு நேராகப் பிடித்தாள். ரெசின் கொஞ்சம் இளகியதும் பூவிழி நரம்பை இடுக்கில் நுழைத்து, ஒரு முனையைத் தான் பிடித்து, மறு முனையைப் புருஷனிடம் கொடுத்தாள். அவன் இழுக்க, இவள் விட. இவள் இழுக்க, அவன் விட. மஞ்சள் தூள் மாவு போல உதிர்ந்தது.

"யோவ், இன்னா சுறாவா புடிக்கிற? மெதுவா!"

"சரி, சரி."

"மூச்சப் புடிச்சிகினு இழு. கட்டம் அசையக் கூடாது, நரம்பு மட்டுந்தான் போவணும்."

நரம்பு சூட்டில் ஆறு தடவை அறுந்தது. ஆறு தடவையும் புதிதாக நுழைத்தார்கள். இடது பக்கம் முடிய எட்டு மணி. மேல் பக்கம் எட்டரை. வலது பக்கம் ஒன்பதரை. கீழ்ப்பக்கம்தான் எமன், வழிந்த ரெசின் எல்லாம் அங்கே தேங்கிக் கட்டியாகி இருந்தது. பாதிதான் அறுத்திருந்தார்கள், தீனா வந்துவிட்டான். கையில் டிரில், தோளில் சுத்தியல் பை, நாக்கில் அவசரம். அடுத்த வேலை எளாவூரில் இருக்கிறதாம்.

"இன்னாக்கா, இதுக்குப் போயி நரம்பு, டிரையரு? தள்ளுங்க. கீழ ஒரு தட்டு தட்டினா தானா வந்துடும்." சொல்லிக்கொண்டே கட்டத்தின் மேல் கையை வைத்தான்.

"கைய எடு!"

பூவிழி போட்ட சத்தத்தில் டிரையர் அஃப்ஸானாவின் கையிலிருந்து நழுவப் பார்த்தது. தீனா இரண்டடி பின்னால் போனான்.

"அண்ணாத்தே, பத்து மணின்னு சொன்ன. இன்னும் பத்து ஆவல. போயி வாசப்படியில நில்லு. உள்ள வந்தன்னா இந்தக் கம்புதான் பேசும்."

போய் நின்றான். அங்கமுத்து பெண்டாட்டியைப் பார்த்த பார்வையில் பயமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது.

பத்தேகாலுக்குக் கடைசி இழை ரெசினும் அறுந்தது. பூவிழி நரம்பைக் கீழே போட்டாள். இரண்டு உள்ளங்கையையும் கட்டத்தின் இரண்டு பக்கமும் வைத்து, நெற்றியை மரத்தில் சாய்த்து, கண்ணை மூடி, அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மரம் எந்தப் பக்கம் இன்னும் பிடிக்கிறது என்று கைக்குக் கேட்க வேண்டும். வலது மூலையில் ஒரு சின்னப் பிடிப்பு. "அங்க சூடு காட்டு," என்றாள், கண்ணைத் திறக்காமல். அஃப்ஸானா காட்டினாள். மேலே ஒரு விரற்கடை தூக்கி, கீழே முன்னால் கொண்டுவந்தாள். கட்டம் பெருமூச்சு விட்டது போல் ஒரு சத்தத்தோடு அவள் கைக்கு வந்தது. நாற்பத்தெட்டில் ஒன்றுகூடக் கீறவில்லை.

"மாஷா அல்லாஹ்," என்றார் மூலையிலிருந்து ஆமினா பீவி, யாரும் ஒன்றும் சொல்லாமலேயே.

போர்வையில் படுக்க வைத்துக் கழுவினார்கள். வினிகர் இல்லை, எதுவும் இல்லை. போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் கேன் தண்ணீர். அதில் குழந்தைக்குப் போடுகிற ஷாம்பு இரண்டு சொட்டு. பெயிண்ட் பிரஷ், பஞ்சு. ஒவ்வொரு சதுரமாக, தட்டாமல், அழுத்தாமல், ஈரம் நிற்க விடாமல். கறுப்புக் கறுப்பாகத் தண்ணீர் வந்தது. பூவிழி ஒரு பக்கமும் அஃப்ஸானா மறு பக்கமுமாக ஆரம்பித்தார்கள். வாசற்படியில் நின்ற தீனா எப்போது உள்ளே வந்து மண்டி போட்டு உட்கார்ந்து பஞ்சு எடுத்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. எளாவூரிலிருந்து வந்த போனை அவன் எடுக்கவே இல்லை.

அழுக்குப் போகப் போக அவர்களுடைய பேச்சும் போய்விட்டது. உள்ளே இருந்து பால் நிறம் வந்தது. சிலதில் லேசாக ரோஜா, சிலதில் முட்டை ஓட்டு மஞ்சள். ஒன்றைப் போல ஒன்று இல்லை. அங்கமுத்து நாற்பத்தெட்டையும் விரலை வைக்காமல் விரல் நீட்டியே பார்த்துக்கொண்டு போனான். முப்பது வருஷமாகக் கடலில் இருப்பவன், "கடலுக்குள்ள இதெல்லாம் கீதா பூவி?" என்று சின்னப் பிள்ளை போலக் கேட்டான். வலை மிதவை ஒன்றை அவனே சின்னச் சின்னத் துண்டாக நறுக்கினான். இனி கட்டம் ஆடாமல் இருக்க அதை இடுக்கில் சொருகினால் போதும், வேண்டும்போது உருவிக்கொள்ளலாம்.

கட்டத்தைத் தூக்கி மாட்டினார்கள். மேல் பள்ளம், கீழ்ப் பள்ளம், நாலு மிதவைத் துண்டு. பூவிழி கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

அறை முழுக்க வெளிச்சம். ஆனால் வெயில் எங்கேயும் இல்லை. ஏரியின் அத்தனை கூச்சத்தையும் அந்தச் சிப்பிகள் வாங்கிக்கொண்டு, அமைதியை மட்டும் உள்ளே அனுப்பின. சுவரில் நிழல் விழவில்லை. யார் முகத்திலும் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் இருட்டு என்று இல்லை. இந்த அறையை நூல் வேலைக்கென்று யோசித்துச் செய்தவன் எவனோ அவனுடைய காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்று பூவிழிக்குத் தோன்றியது. எத்தனையோ மாடிக் கட்டடத்தின் கண்ணாடியைத் துடைத்தவள் அவள், கண்ணாடி வெளிச்சத்தை இவ்வளவு மரியாதையாக உள்ளே விட்டு அவள் பார்த்ததில்லை.

அஃப்ஸானா மட்டும் ஜன்னலைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தாள். பச்சை நூலை எடுத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பூவிழியைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது என்றுதான் அவள் நினைப்பு. ஆனாலும் அறையில் ஒருவரும் அசையவில்லை.

முதல் தடவை நூல் ஊசியின் பக்கத்தில் போயிற்று. இரண்டாம் தடவையும் தப்பியது.

"கைதான் ஆடுதுடி," என்றாள் பூவிழி, மெதுவாக. "மூச்சு வுடு. அப்புறம் கோத்துப் பாரு."

அஃப்ஸானா மூச்சை விட்டாள். நூல் முனையை உதட்டில் வைத்து ஈரமாக்கினாள். ஊசியைச் சிப்பி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். நூல் உள்ளே போய், அந்தப் பக்கம் வந்துவிட்டது. ஊசியை உயரத் தூக்கிப் பார்த்தபடியே இருந்தாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அஃப்ஸானா," என்று மூலையிலிருந்து ஆமினா பீவி கையை நீட்டினார். "இங்க கொண்டா."

அஃப்ஸானா எழுந்து போய் ஊசியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். ஆமினா பீவி ஊசியின் உடம்பைத் தடவி, காதுவரை விரலைக் கொண்டுபோய், நூலைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்தார். போய் வந்தது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"உம்மா, உங்களுக்கு..."

"ஒரு வருஷமா உன் பக்கத்துல உக்காந்து நீ ஊசியோட மல்லுக்கட்டறதக் கேட்டுட்டுத்தான் இருக்கேன். எனக்குக் கண்ணுதான் இல்ல, காது இல்லையா? ஒவ்வொரு தொழுகையிலயும், அவ கண்ண மட்டும் விட்டுடு ரப்பேன்னுதான் கேட்டேன். உன்கிட்ட வாயத் தொறந்து கேக்கத்தான் பயம்."

அஃப்ஸானா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். தீனா சுத்தியல் பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படி இறங்கினான். அங்கமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பி மூக்கைத் துடைத்தான்.

ரொம்ப நேரம் கழித்து, பொன்னேரிக் கல்யாணப் பெண் ஒருத்தியின் துப்பட்டா பாதியில் கிடப்பது ஞாபகம் வந்து, அஃப்ஸானா ஊசியைக் கேட்டாள். ஆமினா பீவி தரவில்லை. உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொண்டு, "நீ வேற ஒண்ணு கோத்துக்கோ," என்றார்.